அருகுபோல் வேரோடி: பினாங்கு மணலில் புல் இனங்களைப் பிரித்தறிதல்

கல்யாண வீட்டில் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோம். புல் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த வாழ்த்து ஓர் இனங்காணும் குறிப்பாகவும் படும். அருகை உறுதி செய்ய வேண்டுமானால் தோண்ட வேண்டும். மேலே தெரியும் இலையை மட்டும் நம்பினால், கடற்கரை மணலில் பத்துக்கு ஐந்து முறை ஏமாறுவோம்.

மலேசியாவின் பினாங்கில் இது வெறும் அறிவுப் பொழுதுபோக்கு அல்ல. விநாயகர் சதுர்த்திக்கு 21 அருகு கட்டுபவர்களும், காலையில் அருகம்புல் சாறு குடிப்பவர்களும், கடைக்குப் போகாமல் தஞ்சோங் பூங்காவிலோ தெலுக் பஹாங்கிலோ சாலையோரப் புல்தரையிலேயே பறித்துவிடுகிறார்கள். அந்தக் கட்டைப் பிரித்தால் மூன்று நான்கு இனம் கலந்திருப்பது சாதாரணம். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். குடிப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். நாய் நடமாட்டமும் களைக்கொல்லித் தெளிப்பும் உள்ள இடத்துப் புல், எந்த இனமானாலும் குடிக்க ஏற்றதல்ல.

மணல் ஏன் இப்படிக் குழப்புகிறது? பினாங்குத் தீவு கருங்கல் மலை. பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் கரைகளின் மணல் அந்தப் பாறை உடைந்து வந்த கரடுமுரடான படிகக்கல் மணல். மழை பெய்து ஒரு மணி நேரத்தில் மேல்மணல் காய்ந்துவிடும். அதில் பிழைக்க விரும்பும் புல் எந்தக் குடும்பத்தில் பிறந்திருந்தாலும் ஒரே மாதிரி உடம்பு எடுக்கிறது: தரையோடு ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு வேர், குட்டையான விறைத்த இலை, வெயில் ஏறினால் குழாய்போலச் சுருளும் இலைப்பரப்பு. அதனால் உறவே இல்லாதவை இரட்டைப் பிள்ளைபோலத் தெரியும். நெருங்கிய உறவுள்ள இரண்டோ, ஒன்று நிழலிலும் ஒன்று வெயிலிலும் வளர்ந்தால் அந்நியர்போல இருக்கும். இலையின் அகலம், நிறம், நீளம் மூன்றும் இடத்துக்கு இடம் மாறும். மாறாதவை மூன்று: இலையும் தண்டைச் சுற்றிய அதன் உறையும் சேரும் இடம், கதிரில் மணிகள் அடுக்கப்பட்ட முறை, மண்ணுக்குள் இருக்கும் தண்டு. கைபேசிச் செயலிகள் புல்லில் தடுமாறுவதற்கும் இதுவே காரணம். நாம் படம் எடுப்பது பச்சைப் பரப்பை. விடை இருப்பது இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள மணியில்.

முதலில் அது புல்தானா என்று பாருங்கள். தண்டை இரு விரலுக்கு நடுவில் உருட்டினால் மூன்று மூலை தட்டுப்பட்டால் அது கோரை வகை. கோரைக்குத் தண்டில் வீங்கிய கணுவும் இருக்காது.

அடுத்து இலைநாக்கு. இலையை மெதுவாகப் பின்னுக்கு வளைத்தால், அது உறையோடு சேரும் உள்பக்கத்தில் ஒரு சிறு விளிம்பு தெரியும். அது வெறும் முடி வரிசையா, கண்ணாடித்தாள் போன்ற சவ்வா, ஓரத்தில் முடி கட்டிய சவ்வா என்பதுதான் கேள்வி. பத்து மடங்கு பெருக்கும் மடிப்பு லென்ஸ் போதும். கறுப்புத் துணியையோ சட்டைப் பொத்தானையோ பின்னால் வைத்தால் வெள்ளை முடி எடுப்பாகத் தெரியும். முதிர்ந்த இலையில் நாக்கு கிழிந்து போயிருக்கும். நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது இலையைப் பாருங்கள். இலை சுருண்டிருந்தால் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவிட்டுப் பிறகு பாருங்கள். சில புற்களில் சவ்வுக்குப் பின்னால், இலையின் அடியிலிருந்து நீண்ட முடி எழும்பி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "முடி நாக்கு" என்று எழுதிவிடுவது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. ஊசியால் முடியை ஒதுக்கிவிட்டுச் சவ்வு இருக்கிறதா என்று பார்த்தால் தப்பலாம்.

மூன்றாவது சோதனை பழைய கதிருக்கானது. காய்ந்த கதிர் ஒன்றை வெள்ளைத் தாளின்மேல் பிடித்து விரலால் தேய்த்து உதிருங்கள். பிறகு உதிர்ந்ததைப் பார்க்காமல், கையில் மிஞ்சிய காம்பைப் பாருங்கள். அருகு, கேழ்வரகு வழிவந்த கூட்டத்தில் மணி மட்டும் கழன்று விழும், அடி உமிகளில் ஒன்றாவது காம்பிலேயே தங்கும். தினை, வரகு வழிவந்த கூட்டத்தில் உமியோடு முழுச் சிறுகதிரும் (மணியும் அதை மூடிய உமிகளும் சேர்ந்த அலகு) விழுந்து காம்பு மொட்டையாக நிற்கும். மணற்புற்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கூட்டத்துக்குள் அடங்கிவிடுவதால், இந்த ஒரு தேய்ப்பு பாதி வேலையை முடித்துவிடும். இதற்கு விலக்கும் உண்டு. கீழே வரும் சிக்லாப் புல் அருகின் கூட்டமாக இருந்தும் முழுதாக உதிரும்.

இனி விரல் புற்களுக்கு வருவோம். பினாங்கு மணலில் அதிகமாகக் குழப்புபவை இவைதான். ஒரு காம்பின் உச்சியிலிருந்து கைவிரல்போலக் கதிர்கள் விரியும்.

அருகு, அதாவது சைனோடான் டாக்டிலான், வழக்கமாக மூன்று முதல் ஆறு விரல் விடும். ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் நீளம், ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அகலம். எல்லா விரலும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படும். விரலைத் திருப்பினால் ஒரு பக்கம் வெறுமையாகவும், மறுபக்கம் இரண்டு வரிசையில் சிறுகதிர்கள் ஓடு வேய்ந்ததுபோலவும் இருக்கும். ஒரு சிறுகதிர் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர். அதற்குள் ஒரே ஒரு பூ. உமி நுனியில் நீளும் மீசைமுடி கிடையாது. சிறுகதிர் பக்கவாட்டில் தட்டையானது என்பதால் தாளில் போட்டால் படகு கவிழ்ந்ததுபோல ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும். இலைநாக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாத வெள்ளை முடி வரிசை. அதன் இரு ஓரத்திலும் மட்டும் நாலைந்து முடி நீண்டிருக்கும். ஓடுதண்டில் கணுக்கள் இரண்டு இரண்டாக நெருங்கி வருவதால் இலைகள் எதிரெதிராக முளைத்ததுபோலத் தோன்றும்.

இதே சைனோடான் பேரினத்தில் அருகுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: சைனோடான் ரேடியாட்டஸ். தென்கிழக்காசியக் கரைகளில் சாலையோரத்திலும் மணலிலும் வளரும். நாக்கு, மணி, வரிசை எல்லாம் அருகு மாதிரியே. விரல் மட்டும் நீளம், ஆறு முதல் பத்து சென்டிமீட்டர் வரை போகும். மெலிந்து, வில்போல வளைந்து தொங்கும். இலை சற்று அகலமாக இருக்கும். ஆனால் செழிப்பான இடத்து அருகும் நீள விரல் விடும் என்பதால் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அங்கேதான் "வேரோடி" வருகிறது. அருகுக்கு மேலே ஓடுதண்டும் மண்ணுக்குள் நிலத்தடித் தண்டும் என இரண்டும் உண்டு. ரேடியாட்டஸுக்கு நிலத்தடித் தண்டு கிடையாது. கால்நடைத் தீவனத்துக்காகப் பரப்பப்பட்ட ஆப்பிரிக்க நட்சத்திரப் புல்லுக்கும் கிடையாது. இவை இரண்டிலிருந்தும் அருகைப் பிரிப்பது கரண்டியும் 15 சென்டிமீட்டர் குழியும்தான்.

மணலில் தோண்டுவது எளிது. அதில் ஒரு பொறி இருக்கிறது. காற்று அடித்து மணல் ஏறினால் மேலே ஓடிய சாதாரண ஓடுதண்டே புதைந்துவிடும். தோண்டுபவர் அதைப் பார்த்து "நிலத்தடித் தண்டு இருக்கிறது, அருகுதான்" என்று முடித்துவிடுவார். புதைந்த ஓடுதண்டில் கணுவுக்குக் கணு பச்சை இலையின் காய்ந்த மிச்சம் தொங்கும், நிறம் பழுப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும். உண்மையான நிலத்தடித் தண்டு வெளுத்து, சதைப்பற்றோடு, இலைக்குப் பதிலாக வெறும் செதில் மட்டும் போர்த்தியிருக்கும். அதன் நுனி ஊசிபோலக் கூர்மையாக இருக்கும். நாற்று வயதுச் செடியில் இது இன்னும் வளர்ந்திருக்காது. ஆகவே ஒரு குழியோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள்.

அருகுக்கு நடிப்பில் மிக நெருங்கி வருவது உறவுக்காரர் அல்ல, தினைக் கூட்டத்தைச் சேர்ந்த டிஜிட்டேரியா லாங்கிஃப்ளோரா. தரையோடு பாய் விரிக்கும், குட்டை இலை, கணுவில் வேர். பூக்காதபோது அருகு என்று சத்தியம் செய்யலாம். பூத்தால் வழக்கமாக இரண்டு விரல், சில சமயம் மூன்று, நூல்போல மெல்லியவை. லென்ஸில் பார்த்தால் சிறுகதிர்கள் மூன்று மூன்றாகக் கொத்தாக நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டரைத் தொடாது. முதுகும் வயிறுமாகத் தட்டையானதால் தாளில் போட்டால் மல்லாந்து கிடக்கும். நாக்கு தெளிவான சவ்வு. பூ இல்லாத காலத்தில் இந்தச் சவ்வு ஒன்றே போதும்: முடி என்றால் அருகுப் பக்கம், சவ்வு என்றால் டிஜிட்டேரியாப் பக்கம். பறித்த கட்டில் அதிகம் கலந்து வருவது இதுவாகத்தான் இருக்கும்.

டிஜிட்டேரியாவில் பெரிய ஆட்களும் உண்டு. டிஜிட்டேரியா சிலியாரிஸ், டிஜிட்டேரியா செட்டிஜெரா, டிஜிட்டேரியா பைகார்னிஸ் மூன்றும் வெறும் கண்ணுக்கு ஒன்றுதான்: முழங்கால் உயரம், நீண்ட விரல்கள், இரண்டு இரண்டாகச் சிறுகதிர், ஒன்றுக்குக் குட்டைக் காம்பு, மற்றதற்கு நீளக் காம்பு. பிரிக்க வேண்டுமானால் ஒரு ஜோடியைக் கழற்றி உமியை அளக்க வேண்டும். சிலியாரிஸில் கீழ் உமி முக்கோணத் துணுக்காக இருக்கும், மேல் உமி சிறுகதிரின் பாதிக்கு மேல் மூடும். செட்டிஜெராவில் கீழ் உமி இல்லாமலே போகும், மேல் உமி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. பைகார்னிஸில் ஜோடியின் இரண்டு உறுப்பினரும் ஒரே மாதிரி இருக்காது. குட்டைக் காம்புக்காரர் வழவழப்பு, நீளக் காம்புக்காரர் முதிர்ந்ததும் ஓரத்தில் முடி விரித்து நிற்பார். இளம் கதிரில் அந்த முடி ஒட்டிக் கிடப்பதால் வித்தியாசம் தெரியாது. முதிர்ந்த கதிர் கிடைக்கும்வரை பெயர் வைக்காமல் இருப்பது நல்லது.

இன்னும் இருவர், கேழ்வரகின் கூட்டாளிகள். மலாய்க்காரர்கள் ரும்புட் சம்பாவ் என்று சொல்லும் எலூசின் இண்டிகா, கேழ்வரகுக்கு மூதாதை வழிச் சொந்தம். ஓடுதண்டே இல்லை, ஒரே குத்தாக நிற்கும். அடித்தண்டு பட்டையாக நசுக்கியதுபோல, வெளுத்திருக்கும். பிடுங்கிப் பார்த்தால் கை வலிக்கும். விரல்கள் தடித்தவை, அருகின் விரலைப்போல இரண்டு மூன்று மடங்கு அகலம். பெரும்பாலும் ஒரு விரல் மட்டும் மற்றவற்றுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே தனியாக, கட்டைவிரல்போல இருக்கும். ஒரு சிறுகதிரில் மூன்று முதல் ஒன்பது பூ வரை பாய் பின்னலாக அடுக்கியிருக்கும். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி மருந்துக்கு இந்தப் புல் அசராது நிற்பது முதன்முதலில் பதிவானது நம் நாட்டில்தான், 1997-ல், பேராக் தெலுக் இந்தானில். தோட்டப்புறத்தில் மருந்து அடித்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

மற்றவர் காக்கைக்கால் புல், டாக்டிலோக்டீனியம் எஜிப்டியம். மணல்தான் இதன் சொந்த வீடு. விரல்கள் குட்டை, காம்புக்குக் குறுக்காகப் படுத்து விரியும், நிஜமாகவே காக்கைக் கால் பதிந்ததுபோல. சம்பாவ் புல்லிலிருந்து பிரிக்க ஒரே பார்வை போதும். விரலின் நுனியைப் பாருங்கள். காக்கைக்காலில் மணிகள் நின்ற பிறகும் நடுத்தண்டு ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை முள்போல வெறுமையாக நீட்டிக்கொண்டிருக்கும். சம்பாவ் புல்லில் நுனிவரை சிறுகதிர் இருக்கும். உதிர்ந்த பழைய சம்பாவ் கதிரும் மொட்டை நுனியைக் காட்டும், அதனால் பச்சை விரலிலேயே பார்க்க வேண்டும். தொட்டாலும் தெரியும். காக்கைக்காலின் உமியில் வளைந்த சிறு மீசைமுடி இருப்பதால் விரலை நீவினால் சொரசொரக்கும்.

ஊதா நிறத்தில் பத்துப் பன்னிரண்டு விரல் மேல்நோக்கிக் குவிந்து, மீசைமுடியால் பஞ்சுபோலத் தெரிந்தால் அது மயில்கொண்டைப் புல், குளோரிஸ் பார்பேட்டா. மண் நிரப்பிய காலிமனை எங்கும் முதலில் வருவது இதுதான். இதில் குழம்ப ஒன்றுமில்லை.

விரலே விடாத பாய்ப் புற்கள் வேறு கதை. உப்புத் தண்ணீர் ஏறும் இடத்தில், வாய்க்கால் கடலில் கலக்கும் ஓரத்தில், பாஸ்பாலம் வஜினேட்டம் இருக்கும். உப்பைத் தாங்குவதால் கோல்ஃப் திடலுக்கும் இதை நடுகிறார்கள். உச்சியில் சரியாக இரண்டே கதிர், வி எழுத்துபோல. அருகம்புல்லில் மற்ற விரல்கள் ஒடிந்து இரண்டு மட்டும் மிஞ்சியிருந்தால் மயக்கம் வரும். சிறுகதிர் மல்லாந்து கிடக்கிறதா, சாய்ந்து கிடக்கிறதா என்ற தாள் சோதனை இங்கும் உதவும். இதன் தம்பிபோல இருக்கும் பாஸ்பாலம் டிஸ்டிக்கம் நல்ல தண்ணீர்ப் பக்கம் சாயும். அதன் மேல் உமியில் நுண்முடி இருக்கும், வஜினேட்டத்தில் வழுக்கை. மூன்றாவது பாஸ்பாலமான ரும்புட் கெர்பாவ், அதாவது பாஸ்பாலம் கான்ஜுகேட்டம், இரண்டு கதிரையும் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக டி எழுத்தாக விரிக்கும். சிறுகதிர் வட்டமானது, ஓரத்தில் பட்டு நூல் முடி. இது மணலைவிட ஈர நிழலையே விரும்பும்.

நாற்றங்காலில் சிக்லாப் என்று விற்கும் புல், ஜாய்சியா மாட்ரெல்லா, காட்டு நிலையில் கடற்கரைச் சவுக்கு மரத்தடியிலும் கிடைக்கும். இலை ஊசிபோல விறைப்பு, செருப்பில்லாமல் மிதித்தால் குத்தும். ஒற்றைக் கதிர், மூன்று சென்டிமீட்டர் அளவு. பளபளப்பான சிறுகதிர்கள் தண்டோடு ஒட்டி நிற்கும். ஸ்போரோபோலஸ் வர்ஜினிக்கஸ் பார்வைக்கு இதன் நகல். கதிரும் ஒற்றையாகத் தெரியும், ஆனால் விரித்துப் பார்த்தால் குட்டைக் கிளைகள் தண்டோடு ஒட்டிக் கிடப்பது தெரியும். இன்னொரு சோதனை பார்க்கவே அழகு. முதிர்ந்த ஸ்போரோபோலஸ் மணியை ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டுக் காத்திருந்தால் மேல்தோல் கூழாக ஊறிப் பிளந்து உள்விதையைத் தானே வெளியே தள்ளும். கேழ்வரகுக் கூட்டத்திலும் தோல் தளர்வாக இருக்கும், ஆனால் இப்படிப் பிதுக்காது.

அலை தொடும் வரிசையில் அடப்பங்கொடியோடு பின்னிக் கிடக்கும் அகல இலைப் புல் இஸ்கீமம் மியூட்டிகம். இலைக்குக் குட்டைக் காம்பு இருப்பது மணற்புற்களில் அரிது. கதிர் ஒன்றுபோலத் தெரியும், நகத்தால் பிளந்தால் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டாகப் பிரியும். இதோடு குழம்பும் இன்னொரு புல்லான துவாரியா இன்வொல்யூட்டாவைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். அதன் கதிர் முதிர்ந்ததும் நடுத்தண்டு மடங்கி, அடியில் இருக்கும் ஒன்றிரண்டு வளமான சிறுகதிரை மூடிக் கெட்டியான கொட்டைபோல ஆகிவிடும். கடலில் மிதந்து வேறு கரை சேரும். இலை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், காம்புள்ள இலை எது என்று தேடினால் போதும்.

கால்சட்டையில் ஈட்டிபோலக் குத்தி ஒட்டுவது மலாயில் கெமுஞ்சுப் எனப்படும் கிரைசோபோகான் அசிகுலாட்டஸ். சிலிப்பரிலும் குதிகாலிலும் முள்ளுருண்டையாக ஏறுவது செங்க்ரஸ் எக்கினேட்டஸ். முன்னதில் ஒற்றைச் சிறுகதிரின் அடி கூர்மை, பின்னதில் பல முள் கூடி ஓர் உருண்டை. உருண்டையின் முள்ளில் பின்னோக்கிய நுண்பற்கள் இருப்பதால் இழுத்தால் ஆழமாகும், இடுக்கியால் நேராக மேலே தூக்க வேண்டும். ராவணன் மீசைப் புல்லைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கிளந்தான், திரங்கானு மணல்மேட்டில் பார்த்தவர்கள் அதன் உருளும் பெண்கதிரை மறக்க மாட்டார்கள்.

மாதிரி எடுக்கும்போது புல்லை மேலே கிள்ளாதீர்கள். ஒரு விரல் ஆழத்துக்காவது வேரோடும் மணலோடும் தூக்கி, மணலை உதறாமல் தண்ணீரில் அலசுங்கள். உதறினால் முதலில் ஒடிவது நிலத்தடித் தண்டின் நுனி. ஒரே செடியில் இளம் கதிர் ஒன்று, உதிரத் தொடங்கிய கதிர் ஒன்று, பூக்காத தண்டு ஒன்று வேண்டும். புல்வெட்டி ஓடிய இடத்தில் கதிர்கள் குட்டையாகவும் விரல் குறைவாகவும் இருக்கும். வேலியோரம், கம்பத்தடி என்று இயந்திரம் எட்டாத இடத்தில் எடுங்கள். செய்தித்தாளுக்குள் அழுத்தி வைத்தால் இந்த ஈரப்பதத்தில் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடித்து, நாக்கின் முடியும் பூஞ்சை இழையும் ஒன்றாகிவிடும்.

கதிரே கிடைக்காத புல்லுக்கு ஒரு வழி. இரண்டு கணு உள்ள துண்டை மண்கலக்காத மணல் நிரப்பிய ஆழமான தொட்டியில், முழு வெயிலில் வையுங்கள். வாரம் இருமுறை கொஞ்சம் உரத்தண்ணீர், வெட்டக் கூடாது. சில வாரத்தில் கதிர் எட்டிப் பார்க்கும். பார்க்காவிட்டாலும் தொட்டியைக் கவிழ்த்தால், வெளுத்த கூர்நுனி ஒன்று அடிச்சுவரை முட்டிக்கொண்டு நிற்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.